அப்பாவின் லொறியில் தெரிந்தது துரு அல்ல

இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வரும்போது எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறைந்திருக்கும். இப்படிப்பட்ட கட்டுரையைப் பொதுவாக நன்றாக எழுதத் தெரிந்த ஒருவரிடம் கேட்டு வாங்கிப் போடுவார்கள். எங்கள் வீட்டில் அப்படி யாரையும் தேட வேண்டியிருக்கவில்லை. அப்பா பக்கத்திலும் அம்மா பக்கத்திலும் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்தை முடித்து, பேராதனையில் பட்டம் பெற்று, இன்று ஆசிரியையாக இருப்பவள் நான். என்னைப் படிக்கவைத்தது அப்பாவின் பழைய லொறி. அந்த லொறியைச் சொல்லாமல் அப்பாவைப் பற்றி எழுத என்னால் முடியாது. அதைப் பற்றிச் சாவு வீட்டில் பேசப்பட்ட ஒரு பொய்யைத் திருத்தாமல் விடவும் முடியாது.

அப்பா பிறந்தது புசல்லாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. நிறுத்தியவர் யாரும் இல்லை. மழைக்காலத்தில் பாதை உடைந்து பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது. திறந்தபோது அப்பா ஒரு லொறியில் கிளீனராக ஏறியிருந்தார். அங்கேயே வளர்ந்து, அங்கேயே ஓட்டப் பழகி, கெலிஓயாவில் அம்மாவைக் கைப்பிடித்தார். அம்மாவின் ஒரே அண்ணன், எங்கள் மாமா, அப்போது அதே வேலையில் இருந்தார். இருவரும் சேர்ந்து ஒரே நாளில், ஒரே மாதிரியான இரண்டு பழைய ஜப்பான் லொறிகளை வாங்கினார்கள். அப்பாவின் லொறிக்கு என்னைவிட வயது அதிகம்.

மாமாவின் லொறியை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். ஆண்டுதோறும் புதுப் பெயின்ட், முன்னால் சாமி படம், பின்னால் மயில், சுற்றிவர வண்ண விளக்குகள். துரு பிடித்த இடங்களைப் பட்டி வைத்து அடைத்து, அடியில் தார் பூசி, மேலே பளபளவென்று பெயின்ட் அடித்துவிடுவார்.

அப்பாவுக்கு அது பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் லொறிக்கு அடியில் படுத்துவிடுவார். மகாவலி ஆற்று மணலும் ஈரச் செங்கல்லும் ஏற்றிய லொறிக்குத் துரு எங்கே வரும் என்பது அவருக்குத் தெரியும். சுத்தியலால் இரும்பை மெல்லத் தட்டிக்கொண்டே போவார். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும். உள்ளே உளுத்தது என்றால் சத்தம் அமுங்கிவிடும். அந்த இடத்தைத் தயவுதாட்சண்யம் இல்லாமல் வெட்டி எறிந்து, புதுத் தகடு வைத்து ஒட்டி, துரு திரும்ப வராமலிருக்க ரெட் ஒக்சைட் பூசுவார். அது செங்காவி நிறப் பூச்சு. அதற்கு மேல் அழகுக்குப் பெயின்ட் அடித்ததே இல்லை. "மேல பூசிட்டா உள்ள என்னா நடக்குதுன்னு எனக்கே தெரியாமப் போயிரும்" என்பார்.

நான் சிறு பெண்ணாக இருந்தபோது எனக்கு ஒரு வேலை இருந்தது. முகம் பார்க்கும் கண்ணாடியை வெயிலில் சாய்த்துப் பிடித்து, லொறிக்கு அடியில் வெளிச்சம் விழச் செய்வது. கை கொஞ்சம் ஆடினாலும் உள்ளேயிருந்து குரல் வரும். "எங்கம்மா பாக்குற? அப்பா இங்க இருக்கேன்!" வெயில் நகர நகர நானும் நகர்வேன்.

அதனால் அப்பாவின் லொறி முழுவதும் சிவப்புத் திட்டுகள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அதை "அம்மை போட்ட லொறி" என்றார்கள். உறவினர் அதற்கும் மேலே போனார்கள். ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டபோது மாமாவின் மனைவி, எங்கள் அத்தை, ஏறமாட்டேன் என்று நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"அண்ணே, கோவிச்சிக்காதீங்க. இந்தத் துருவு பட்டுச் சேலையில பட்டா போகுமா?"

"அது துரு இல்ல தங்கச்சி. துருவுக்கு மருந்து."

"மருந்தே இவ்வளவு பூசியிருக்குன்னா, நோயி எவ்வளவு இருக்கும்!"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அத்தை மாமாவின் லொறியில் ஏறிப் போனார். அன்றிலிருந்து எங்கள் உறவில் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் மாமாவின் லொறிதான். மணல், கல், விறகு என்றால் அப்பாவைத் தேடுவார்கள்.

பட்டமளிப்பு நாளில் அப்பா அந்த லொறியிலேயே என்னைக் கூட்டிப்போக வந்தார். கார்களுக்கு நடுவில் அதை நிறுத்தியபோது, சாமான் இறக்குவதென்றால் பின் வாசலுக்குப் போகும்படி ஒரு காவலாளி சொன்னார். அப்பா தனக்குத் தெரிந்த சிங்களத்தில் அமைதியாகப் பதில் சொன்னார். "சாமான் எறக்க வரல்ல மாத்தயா. மகள ஏத்த வந்தேன்." கறுப்பு அங்கியோடு நான் முன்சீட்டில் ஏறினேன். எனக்கு அன்று இருந்த பெருமை இன்றும் இருக்கிறது.

இனி, சொல்ல வேண்டிய விடயத்துக்கு வருகிறேன்.

லொறி வைத்திருப்பவர்கள் ஆண்டுதோறும் வாகனத்தைப் பரிசோதனைக்குக் கொண்டுபோய், ஓட்டத் தகுதியானது என்று சான்றிதழ் வாங்க வேண்டும். 'பிட்னஸ்' என்று சொல்வோம். எங்கள் பக்கத்து லொறிக்காரர்களிடம் இதையொட்டி ஒரு வழக்கம் உண்டு. யாருடைய லொறிக்காவது பரிசோதனை நாள் வந்தால், நல்ல டயர் வைத்திருப்பவர் டயரைக் கழற்றிக் கொடுப்பார். நல்ல ஸ்பிரிங் வைத்திருப்பவர் ஸ்பிரிங்கைக் கழற்றிக் கொடுப்பார். பரிசோதனை முடிந்ததும் எல்லாம் திரும்பி வந்துவிடும். மறுநாள் அந்த லொறி பழைய டயரோடும் பழைய ஸ்பிரிங்கோடும் சான்றிதழை ஒட்டிக்கொண்டு ஓடும். இது சரியென்று நான் சொல்லவில்லை. அப்பாவும் இதில் கலந்துகொண்டவர்தான். கேட்டால், "இன்னிக்கி நாம குடுக்காட்டி நாளைக்கி யாரு குடுப்பா?" என்பார். அவருக்கு எதுவும் இரவல் தேவைப்பட்டதில்லை என்பதை மட்டும் நான் சேர்த்துக்கொள்கிறேன்.

ஸ்பிரிங் என்றால் சுருள் கம்பி அல்ல. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய, வில்போல் வளைந்த இரும்பு பிளேட்டுகள். லொறியின் பாரம் முழுவதும் அதன் மேல்தான். முன்பக்கத்தில் மேல் பிளேட் உடைந்தால் சக்கரம் பின்னால் இழுபட்டு, ஸ்டியரிங் கைக்கு அடங்காமல் போய்விடும். வெளிநாட்டுச் சாமான்கள் வராமல் போன காலத்தில் நல்ல பிளேட் கிடைப்பது அரிதாயிற்று. அப்பா கொழும்பில் அலைந்து முன்பக்கத்துக்கு ஒரு நல்ல ஜோடியைத் தேடிப் பிடித்தார். கெலிஓயாவில் கராஜ் வைத்திருக்கும் நானாதான் அதைப் பூட்டிக் கொடுத்தார். அவர் அப்பாவின் நெடுநாளைய முஸ்லிம் நண்பர்; நானா என்றால் அண்ணன். அடையாளத்துக்காக ஒவ்வொரு பிளேட்டின் ஓரத்திலும் உளியால் ஒரு வெட்டுப் போட்டுக் கொடுத்தவரும் அவரே. இரவல் போய் வருகிற பொருளுக்கு அடையாளம் வேண்டும் என்றார்.

என் தங்கையின் திருமணத்துக்கு முந்திய மாதம் மாமாவின் லொறிக்குப் பரிசோதனை வந்தது. மாமா வந்து முன்பக்கப் பிளேட்டுகளைக் கேட்டார். அப்பா கழற்றிக் கொடுத்தார். எங்கள் லொறி முன் ஸ்பிரிங் இல்லாமல் மரக்கட்டைகளின் மேல் நின்றது. மாமாவின் லொறி பரிசோதனையில் தேறியது. ஞாயிறு காலை மாமா பிளேட்டுகளைக் கொண்டுவந்து இறக்கினார். புதிதாகத் தார் பூசியிருந்தார்.

அப்பா குனிந்து பார்த்தார். ஓரத்தை விரலால் தடவினார்.

"மச்சான், இது என்னோட பிளேட் இல்லையே."

"என்னா மாப்ள பேசுறீங்க? ஒரு நாளு கழட்டிப் பூட்டினதுக்கு இப்பிடி ஒரு சந்தேகமா?"

"வெட்டு ஒண்ணு இருந்துச்சி ஓரத்துல."

"தாரு பூசியிருக்குல்ல, அதுல மூடியிருக்கும். சும்மா திருப்பித் தரக்கூடாதேன்னு பூசிக் கொண்டாந்தேன். அதுக்கு இந்தப் பேச்சு!" மாமா அம்மாவைப் பார்த்தார். "நல்லாக் கேட்டுக்க தங்கச்சி. ஒன் புருசன் என்னையக் கள்ளன்ங்கிறாரு."

அம்மா தேநீர்க் கோப்பையோடு வாசலில் நின்றார். அப்பா அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு, "டீயக் குடிங்க மச்சான்" என்றார்.

அவ்வளவுதான். அன்று மத்தியானம் அந்தப் பிளேட்டுகளை அப்பா தன் கையாலேயே பூட்டினார். சுத்தியலால் தட்டிப் பார்த்தார். தார் தடிப்பாகப் பூசிய இரும்பிடமிருந்து எந்தச் சத்தமும் சரியாக வராது. ஒவ்வொரு பிளேட்டாகப் பிரித்துத் தாரைச் சுரண்டினால்தான் தெரியும். அதற்கு நேரம் இல்லை. திருமண வேலைகள் லொறியை எதிர்பார்த்துக் காத்திருந்தன.

திருமணம் நன்றாக நடந்தது. தாய்மாமன் என்ற முறையில் மாமா புது வேட்டி கட்டி, தங்கையைக் கைப்பிடித்து மணவறைக்கு அழைத்து வந்தார். படங்களில் நடுவில் நிற்பவர் அவர்தான். அப்பா ஓரத்தில் நிற்கிறார்.

அடுத்த வாரம், திருமணத்துக்காகப் புசல்லாவைத் தோட்டத்துக் கோயிலில் இரவல் வாங்கியிருந்த அண்டாக்களையும் கதிரைகளையும் திருப்பிக் கொடுக்க அப்பா போனார். கொடுத்துவிட்டு வெறும் லொறியோடு இறங்கி வந்தார். ஒரு வளைவில் பிரேக் பிடித்தபோது முன்பக்க மேல் பிளேட் உடைந்தது. லொறி இழுத்துக்கொண்டு போய் மலைப்பக்கத்து மண்மேட்டில் மோதியது. பள்ளத்தின் பக்கம் போகாமல் காப்பாற்றியவர் அப்பாதான் என்று, பின்னால் வந்த பஸ்ஸின் சாரதி எங்களிடம் சொன்னார். எதிரே பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள். ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஸ்டியரிங் அப்பாவின் நெஞ்சை நசுக்கிவிட்டது.

பேராதனை ஆஸ்பத்திரியில் அப்பா இருந்த நாட்களில், நானா லொறியைச் சங்கிலி போட்டு இழுத்துவந்து தன் கராஜில் நிறுத்தினார். பிறகு என்னை வரச் சொன்னார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தாரைச் சுரண்டினார். எந்தப் பிளேட்டிலும் உளி வெட்டு இல்லை. உடைந்த முனையை என் பக்கம் திருப்பினார். உடைந்த முகத்தில் பெரும்பகுதி பழுப்பாகத் துருவேறிக் கிடந்தது. ஓரத்தில் மட்டும் மெல்லிய கோடாகப் புது இரும்பு மின்னியது.

"இது இண்டக்கி நேத்தக்கி ஒடஞ்ச இல்ல மகள். எப்பயோ வெடிச்சு, கீறல் உழுந்தீக்கி. மேலால தாரப் பூசி மறச்சீக்கிறாங்க. ஒங்கட வாப்பா இதக் கண்டீந்தா ஒரு அடி ஓட்டீக்க மாட்டாரு."

ஆஸ்பத்திரிக்குப் போய் அப்பாவிடம் கேட்டேன். அவரால் நீளமாகப் பேச முடியவில்லை.

"ஒங்க பிளேட் இல்லன்னு தெரிஞ்சும் ஏன் பூட்டுனீங்க?"

"வெடிச்சதுன்னு தெரியாதும்மா. பழசுன்னு தெரியும். மெதுவா ஓட்டிக்கிரலாம்னு நெனச்சேன்."

"மாமாகிட்ட ஏன் வாங்காம விட்டீங்க?"

"மணவறைக்குத் தாய்மாமன் வரல்லன்னா மாப்ள வீட்ல என்னா கேப்பாங்க? காலத்துக்கும் ஒந்தங்கச்சிக்கில்ல பேச்சு. கலியாணம் முடியட்டும், பேசிக்கிரலாம்னு இருந்தேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "நீ அவருகிட்ட கேக்காத. அம்மாவுக்கு இருக்கிறது ஒரே அண்ணன்."

நான் சரி என்று தலையாட்டவில்லை. அப்பா அதைக் கவனித்திருப்பார் என்றே நினைக்கிறேன். என் கையைப் பிடித்திருந்தவர் விட்டுவிட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அடுத்த வாரம் அவருடைய உயிர் பிரிந்தது.

அப்பாவின் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. இரும்பில் ஒரு புள்ளி துருவைக்கூடப் பொறுக்காதவர், உறவில் மட்டும் எதையும் வெட்டி எறியத் துணியவில்லை. அதன் மேல் பூசிப் பூசியே வைத்திருந்தார். லொறிக்கு அவர் ஒருநாளும் செய்யாததை எங்களுக்காகச் செய்தார். இதைப் பெருந்தன்மை என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எனக்கு அப்பா உயிரோடு வேண்டியிருந்தார்.

சாவு வீட்டில் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் பேசியது உள்ளே எங்களுக்குக் கேட்டது.

"துருப்புடிச்ச லொறிய வித்துத் தொலைங்கன்னு எத்தன தடவ சொன்னோம். கேட்டாத்தானே."

"பாத்தாலே தெரியுமே, லொறி முழுக்கச் செவப்புச் செவப்பா."

"கஞ்சத்தனம்ப்பா. வேற என்னா?"

அப்போது மாமாவின் குரல் கேட்டது. "நானே சொன்னேன் மாப்ளகிட்ட. பிளேட்ட மாத்துங்க, பிளேட்ட மாத்துங்கன்னு தலையால அடிச்சிக்கிட்டேன்."

உள்ளே அம்மா அழுகையை நிறுத்தினார். என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். நான் எழுந்து போய்விடக்கூடாது என்பதற்காகப் பிடித்தார். நான் போகவில்லை. இந்த ஓராண்டு முழுவதும் போகவில்லை. ஆனால் கடைத்தெருவிலும் கோயிலிலும், நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்து ஓய்வறையிலும்கூட, 'துரு லொறியை ஓட்டி உயிரை விட்டவரின் மகள்' என்று என்னைக் காட்டியிருக்கிறார்கள்.

ஆகவே இங்கே தெளிவாக எழுதுகிறேன். அப்பாவின் லொறியில் நீங்கள் பார்த்த சிவப்பு, துரு அல்ல. துருவை வெட்டி எடுத்த இடம். அவருடைய லொறியில் உளுத்துப்போன பொருள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது அவருடையது அல்ல.

இதை அச்சுக்குக் கொடுக்குமுன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. முதலில், "மாமா சங்கதிய எடுத்துரும்மா, அப்பா வேணாம்னு சொன்னாருல்ல" என்றார். அம்மா அரிசி களைந்து உலையில் போட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

"செவப்பு துரு இல்லன்னு எழுதியிருக்கியா?"

"எழுதியிருக்கேன்."

"அத இன்னொரு தடவ படி."

படித்தேன்.

"சரி, இருக்கட்டும்" என்றார். கொஞ்சம் கழித்து, தனக்குத்தானே சொல்வதுபோல், "எங்கண்ணனுக்குக் கையெழுத்துப் போட மட்டுந்தானே தெரியும். இத யாராச்சும் படிச்சில்ல காட்டணும்" என்றார்.

அம்மா சொன்னது சரிதான். இந்த மலரைப் பெறும் உறவினர்களில் ஒருவர், வசதியான ஒரு நேரத்தில், மாமாவின் அருகில் அமர்ந்து இதை நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அத்தைக்கும் கேட்கும்படி வாசித்தால் நல்லது.

இனி நன்றி சொல்ல வேண்டியவர்கள்.

லொறியை இழுத்துவந்து, அப்பா இருந்தவரை நாள் தவறாமல் ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுவந்த கெலிஓயா நானாவுக்கும் அவருடைய வீட்டாருக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டிருக்கிறோம். விபத்து நடந்த இடத்தில் கதவை உடைத்து அப்பாவை வெளியே எடுத்த பஸ் சாரதிக்கும் பயணிகளுக்கும், வார்ட்டில் அப்பாவைத் தம் வீட்டு மனிதர்போல் பார்த்துக்கொண்ட தாதிமாருக்கும், எங்கள் அடுப்பு எரியாத நாட்களில் சோறு அனுப்பிய அயலவர்களுக்கும், தன் பங்கு நகையை விற்று இந்த மலரை அச்சிடச் செய்த தங்கைக்கும் அவள் கணவருக்கும் நன்றி.

கடைசியாக மாமாவுக்கு. அப்பாவின் உடலை மயானத்துக்குக் கொண்டுசென்றது அவருடைய லொறி. வெள்ளைத் துணியும் தென்னங்குருத்துத் தோரணமும் கட்டி, அழகாகத்தான் கொண்டுவந்திருந்தார். பெண்கள் வரக்கூடாது என்றார்கள். நான் ஏறிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். மயானத்துக்குப் போகும் பாதை குண்டும் குழியுமானது, நீங்கள் அறிவீர்கள். பெட்டி ஆடிவிடக்கூடாதே என்று வழி முழுவதும் இரண்டு கைகளாலும் பிடித்திருந்தேன். பிடித்திருக்கத் தேவையே இருக்கவில்லை. இறங்கியதும் மாமா என்னிடம் வந்தார்.

"பாத்தியாம்மா? ஒங்கப்பாவுக்கு ஒரு குலுக்கல் இல்லாமக் கொண்டாந்து சேத்துட்டேன்."

உண்மைதான் மாமா. ஒரு குலுக்கலும் இல்லை. அப்பா அந்தப் பிளேட்டுகளை மிகவும் நன்றாக வைத்திருந்தார். அவற்றின் மேலேயே அவரைக் கடைசியாகக் கொண்டுபோனதற்கு, எங்கள் குடும்பத்தின் நன்றி.

மூத்த மகள்
கெலிஓயா